யாழ் நகரமா, தீவா: குடியேற முன் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு

"தீவுப்பக்கம் போய் இருக்கப் போகிறோம்" என்று ஒருவர் சொன்னால், முதலில் கேட்கவேண்டியது "எந்தத் தீவு?" என்பதுதான். பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் எல்லாமே பேச்சில் தீவுப்பகுதி. ஆனால் வேலணையில் இருப்பவருக்கும் நெடுந்தீவில் இருப்பவருக்கும் அன்றாட வாழ்க்கையில் உள்ள வித்தியாசம், வேலணைக்கும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும் உள்ளதைவிடப் பெரிது. ஆகவே நகரமா தீவா என்று மொட்டையாகக் கேட்டு முடிவெடுக்க முடியாது. இரண்டு கேள்விகளாக உடைத்துக் கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? புரட்டாதி மாதத்தில் அந்தக் கிணற்றில் என்ன தண்ணீர்? வீட்டு விலை, காற்றோட்டம், கடற்கரை, சொந்தக் கோயில் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு.

கீழே உள்ளவை ஓய்வு பெற்றுத் திரும்புவோர், கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து நிரந்தரமாக இருக்க நினைப்போர் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. படிக்கிற பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கணக்கு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்கவேண்டிய பிள்ளை இருந்தால், தீவுப் பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு இன்று ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடமே நேரில் கேளுங்கள். போன வருடம் இருந்தார் என்பது பதில் அல்ல.

பாலம் உள்ள தீவு, படகுத் தீவு

மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குப் பண்ணைப் பாலத்தால் வண்டியில் போகலாம். காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம். இங்கெல்லாம் ஓட்டோ வரும், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், சீமெந்து லொறி வளவுப் படலை வரைக்கும் வரும். அல்லைப்பிட்டியிலிருந்து நகருக்கு மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம் போதும். நல்லூர்த் திருவிழா நாளில் நகரின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்குப் போவதைவிட இது சுலபம்.

புங்குடுதீவின் நுனியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் 15 முதல் 20 நிமிடம். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வருவோர் தொகை பெரிதாக இருப்பதால் பகல் முழுவதும் படகு ஓடும். இதனால் நயினாதீவுக்காரருக்கு ஒரு நன்மையும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. ஆனித் திருவிழாவிலும் போயா நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் உங்கள் ஊர்ப் படகில் உங்களுக்கே இடம் கிடைக்காது.

அனலைதீவு, எழுவைதீவு சிறியவை, சேவையும் குறைவு. நெடுந்தீவு தனி உலகம். குறிகட்டுவானிலிருந்து மாவிலித்துறைக்குக் கடல் ஓட்டம் மட்டும் ஒரு மணித்தியாலம் அளவில் எடுக்கும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர் சொல்லிக் கேட்கும் படகுகளில் எது இந்த வாரம் ஓடுகிறது, எது திருத்தத்துக்குப் போயிருக்கிறது என்பதே அங்கே அன்றாடச் செய்தி. நேர அட்டவணையைக் கடதாசியில் நம்பாதீர்கள். முதல் நாள் பின்னேரம் துறைமுகத்தில் நிற்பவரிடமோ, படகில் வேலை செய்பவரிடமோ தொலைபேசியில் கேட்டுக்கொள்வதே வழக்கம். வீடு பார்க்கப் போகும்போதே அந்த இலக்கங்களை வாங்கிவிடுங்கள்.

எங்கள் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறோம். அமைதி தேடி நெடுந்தீவு வரை போகிறவர்களில் பலருக்கு வேண்டிய அமைதி, பாலம் உள்ள தீவின் ஏதோ ஒரு ஒழுங்கையிலேயே கிடைத்துவிடும். கடல் தாண்டிப் போவதற்கு அமைதி மட்டும் காரணமாக இருந்தால் அது போதாது. பிறந்த மண், உறவு, தொழில், கால்நடை, கோயில் உரித்து என்று அங்கே பிடித்து வைத்திருக்கும் ஒன்று இருக்க வேண்டும்.

வருடத்தில் எத்தனை முறை பட்டினத்துக்குப் போவீர்கள்?

ஒரு கொப்பியை எடுத்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எதற்கெல்லாம் வெளியே போனீர்கள் என்று எழுதுங்கள். அறுபத்தைந்து வயதுத் தம்பதிக்கு இது ஏறத்தாழ இப்படி வரும்: மாதாந்தக் கிளினிக் 12, கண், பல், இரத்தப் பரிசோதனை 6, வங்கி, ஓய்வூதியம், கச்சேரி (மாவட்டச் செயலகம்) 6, கலியாணம், செத்தவீடு, அந்தியேட்டி 12, பெரிய சாமான் வாங்கவும் பழுது பார்க்கவும் 10, விமான நிலையத்துக்கோ ரயிலுக்கோ ஆட்களைக் கொண்டுபோய் விடவும் கூட்டிவரவும் 4. மொத்தம் 50.

இப்போது ஒரு பயணத்தின் நேரத்தைப் போடுங்கள். வேலணையிலிருந்து போய்வர, வேலை முடிக்கும் நேரத்தைத் தவிர்த்து, ஒன்றரை மணித்தியாலம். நெடுந்தீவிலிருந்து: வீட்டிலிருந்து துறைக்கு அரை மணி, இடம் பிடிக்க அரை மணி, கடலில் ஒரு மணி, குறிகட்டுவானில் பஸ்ஸுக்குக் காத்திருக்க அரை மணி, பஸ்ஸில் ஒரு மணிக்கு மேல். மூன்றரை மணித்தியாலம் ஒரு வழிக்கு மட்டும். திரும்பி வர அதே அளவு. ஐம்பது பயணம் என்றால் ஐம்பது முழு நாள், அதில் சில இரவுத் தங்கல். கிளினிக்கில் இலக்கம் பிந்தினால் கடைசிப் படகு போய்விடும். ஆகவே நெடுந்தீவில் இருக்க முடிவெடுப்பவர் யாழ்ப்பாணத்தில் இரவு தங்க ஒரு வீட்டையும் முடிவு செய்ய வேண்டும். தங்கையின் வீடானாலும் சரி, மாத வாடகை அறையானாலும் சரி, அதன் செலவைத் தீவுச் செலவில் சேருங்கள். தங்கையின் வீட்டில் வருடத்துக்கு இருபது இரவு தங்குவது இலவசம் என்று நினைப்பதும் ஒரு கணக்குப் பிழைதான்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகக் காற்று. வெயில் எரிக்கும், வானம் தெளிவாக இருக்கும், ஆனாலும் கடல் கொந்தளிக்கும். புதிதாக வருபவர் ஏமாறுவது இந்தக் காலத்தில்தான். மழை இல்லையே, படகு ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையும் தாழமுக்கமும். அந்த நாட்களில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கடல் மூடப்படலாம். மாதாந்த மருந்து முடிவதற்குப் பத்து நாள் முன்பே அடுத்த மாத மருந்து வீட்டில் இருக்கவேண்டும் என்பது தீவில் எழுதாத சட்டம்.

வைத்தியம்

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பிரதேச வைத்தியசாலை உண்டு. காய்ச்சல், காயம், நெபுலைசர், சேலைன் இவற்றுக்குப் போதும். அதற்கு மேல் கடல் தாண்ட வேண்டும். 1990 அம்புலன்ஸ் இறங்குதுறை வரைதான் வரும். இரவில் அவசரம் என்றால் வைத்தியசாலை மூலமாகக் கடற்படைப் படகைக் கேட்பார்கள். அதுவும் கடல் விட்டால்தான்.

இதை மூன்று நோய்களை வைத்து அளந்து பாருங்கள். பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கான் எடுக்க வேண்டும். நெடுந்தீவில் இரவு பத்து மணிக்கு வாய் கோணினால் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர்வது அதிர்ஷ்டம். மாரடைப்பிலும் முதல் இரண்டு மணித்தியாலம்தான் பொன். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை போகவேண்டியவருக்குக் கடல் தாண்டிய தீவு சரிவராது. அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. பாம்புக்கடிக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: உள்ளூர் வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா, அதை அங்கேயே ஏற்றுவார்களா, அல்லது அனுப்பிவிடுவார்களா?

இன்சுலின் எடுப்பவர் மின்சாரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். கரண்ட் நின்று போனால், இரண்டு மண்பானைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலை ஈரமாக வைத்திருந்தால் பாவனையில் உள்ள குப்பியையாவது வெக்கையில் இருந்து காக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்கு அது ஈடல்ல.

தண்ணீர்

ஆட்கள் இடம் பார்க்கத் தை மாசியில் வருகிறார்கள். குளிர்ச்சி, பச்சை, கிணறு நிறையத் தண்ணீர். அந்த நேரத்தில் உவர்க் கிணறும் இனிக்கும். யாழ்ப்பாணத்துக்கு வருடத்தில் 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே கிணற்றைப் பார்க்கவேண்டிய மாதம் ஆவணிக் கடைசி, புரட்டாதி. அப்போது நல்ல தண்ணீர் என்றால் வருடம் முழுவதும் நல்ல தண்ணீர்.

தீவில் நன்னீர் என்பது கடல்நீருக்கு மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, பாரம் கூடிய உப்புநீருக்கு மேல் தங்குகிறது. நீரியலில் ஒரு விதி உண்டு: கிணற்று மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே விதி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். மேலே மட்டம் ஒரு அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் கெடாத கிணறு, ஒரு குதிரைவலு மோட்டர் பூட்டி இரண்டே கோடையில் உவராவது இதனால்தான்.

சோதனை செய்யும் முறை இது. ஒரு டிடிஎஸ் மீற்றர் வாங்கிக்கொள்ளுங்கள், பேனா அளவில் இருக்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றை லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். காலையில் யாரும் இறைக்க முன் போங்கள். வாளியை மெதுவாக இறக்கி மேல்தண்ணீர் எடுத்து அளந்து எழுதுங்கள். பிறகு ஒரு சோடாப் போத்தலில் கல் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனி நூல் கட்டி, கிணற்றின் அடிவரை இறக்குங்கள். அடி தொட்டதும் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அடித்தண்ணீர் புகும். குமிழி நின்றதும் மேலே இழுத்து அளவுங்கள். மேலே 450, கீழே 1,600 என்றால் வில்லை மெல்லியது, கிணறு ஏற்கெனவே உப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து மோட்டரைப் போட்டு அரை மணித்தியாலம் இறைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கிணறு குடிக்க உதவும், தோட்டத்துக்கு உதவாது. பின்னேரம் மறுபடி வந்து பாருங்கள், பழைய எண்ணுக்குத் திரும்பியிருக்கிறதா என்று. இலங்கைக் குடிநீர்த் தரத்தில் மொத்தக் கரைந்த திண்மம் லீற்றருக்கு 500 மில்லிகிராம். ஊரில் 700, 800 வரை பழகிக் குடிப்பார்கள். ஆயிரத்துக்கு மேல் தேநீரே உவர்க்கும், பாலும் திரையும்.

நகரில் சிக்கல் உப்பல்ல, மலக்குழி. 1 பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 2,720 சதுர அடி. நகரில் இப்போது விற்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று பரப்புத் துண்டுகள். இரண்டு பரப்பில் வீடு கட்டி, கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி விட்டாலும், வேலிக்கு அப்பால் மூன்று பக்கமும் அயலவரின் குழிகள். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஓடும், மண்ணைப் போல வடிகட்டாது. ஆகவே 50 அடி என்ற கணக்கு இங்கே காவல் அல்ல, 100 அடி இருந்தால் கொஞ்சம் நிம்மதி. தண்ணீர் கண்ணாடி போலிருக்கும், டிடிஎஸ் மீற்றரும் நல்லதாகவே காட்டும். நைத்திரேற்றையும் கிருமியையும் அந்த மீற்றர் காட்டாது. நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக்கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நீர் ஆவியாகிப் போக நைத்திரேற்று இன்னும் செறியும். ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தலை ஆய்வுகூடத்திலேயே வாங்கி, பனிக்கட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நெடுந்தீவுக் கிணற்றுத் தண்ணீரை அந்த நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு பரீட்சை.

நகரில் குழாய் நீர் நிலைமை மாறிவருகிறது. வடமராட்சி கிழக்கில் தாழையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. ஆனால் ஊருக்குக் குழாய் வந்துவிட்டது என்பதும் உங்கள் ஒழுங்கைக்கு இணைப்புக் கிடைக்கும் என்பதும் வேறு வேறு. வீட்டு இலக்கத்தோடு நீர்வழங்கல் சபையில் கேளுங்கள். தீவில் குடிநீருக்கு, உப்பை அகற்றும் எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) இயந்திரத் தண்ணீரையோ தண்ணீர்ப் பவுசரையோ நம்பியிருக்கும் வீடுகள் நிறைய. இயந்திரம் பழுதாகி உதிரிப்பாகம் வர எத்தனை நாள் பிடித்தது என்று அயலில் விசாரியுங்கள்.

தீவில் வீடு எடுத்தால் மழைநீர்த் தொட்டி கட்டாயம். கணக்கு எளிது. 100 சதுர மீற்றர் கூரையில் வருடம் ஒன்றுக்கு 1,250 மில்லிமீற்றர் என்றால், சிந்துவது, ஆவியாவது போக ஒரு லட்சம் லீற்றர் கிடைக்கும். அவ்வளவையும் சேமிக்க வேண்டியதில்லை. குடிக்க, சமைக்க ஆளுக்குப் பத்து லீற்றர், நாலு பேர், மாசி முதல் புரட்டாதி வரை 240 நாள்: 9,600 லீற்றர். விருந்தாளிகளையும் சேர்த்து 12,000 லீற்றர் தொட்டி போதும். ஐப்பசியின் முதல் மழையில் கூரைப் புழுதி, காக்கை எச்சம் எல்லாம் வரும். அதை வெளியே விட்டுவிடுங்கள். பிறகும் ஒவ்வொரு மழையின் முதல் நூறு லீற்றர் தொட்டிக்குள் போகாதபடி ஒரு திருப்புக் குழாய் வையுங்கள். மூடியில் வலை இல்லாவிட்டால் மார்கழியில் டெங்கு நுளம்பு உங்கள் வீட்டிலேயே பிறக்கும்.

மின்சாரம், சிக்னல், சாமான்

பாலம் உள்ள தீவுகளுக்கு வழமையான மின்கம்பி வரும். கடல் தாண்டிய தீவுகளில் அந்தந்தத் தீவிலேயே மின்னாக்கம். நீண்ட காலம் டீசல் இயந்திரம்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, டீசல் கலந்த திட்டத்துக்கு இந்திய நிதியுதவியுடன் 2022 இல் உடன்பாடு கையெழுத்தானது. வீடு எடுக்கும்போது மின்னழுத்தம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, குளிர்சாதனப் பெட்டிக்கும் மோட்டருக்கும் ஸ்ரபிலைசர் போடுங்கள்.

தொலைபேசிச் சிக்னலைத் துறைமுகத்தில் நின்று பார்க்காதீர்கள். வீட்டின் நடு அறையில், கதவைச் சாத்திவிட்டு, இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை.

சாமானில் விலையைவிடக் கூலிதான் கடிக்கும். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து பஸ்ஸடிக்கு ஓட்டோ, குறிகட்டுவானில் இறக்கம், படகில் ஏற்றம், மறுகரையில் இறக்கம், அங்கிருந்து வீட்டுக்கு இன்னொரு வண்டி. வெறும் சிலிண்டரும் இதே வழியால் திரும்பிப் போக வேண்டும். ஆகவே தீவில் இரண்டு சிலிண்டர் வைத்திருப்பார்கள், அதோடு விறகடுப்பையும் விடமாட்டார்கள். பனைமட்டை, பன்னாடை, ஊமல், கொக்கறை என்று வளவிலேயே எரிக்க இருக்கும்போது அது புத்திசாலித்தனமும்கூட.

கட்டுவது

படகுத் தீவில் புதிதாகக் கட்டுவதைவிட, சுவர் நல்லதாக உள்ள பழைய கல்வீட்டைத் திருத்துவது மலிவு. சீமெந்து, ஆற்றுமணல், கம்பி, ஓடு எல்லாம் கடல் தாண்ட வேண்டும், ஒவ்வொரு மூட்டைக்கும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலி உண்டு. நகரில் எடுத்த மதிப்பீட்டை அப்படியே நம்பி வேலையைத் தொடங்கியவர்கள் லிண்டல் மட்டத்தில் நிற்பதைக் காணலாம். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிறீற்றை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். கம்பிக்கு மேல் கொங்கிறீற் மூடல் 40 முதல் 50 மில்லிமீற்றர் வையுங்கள், மேசன் ஒரு அங்குலம் போதும் என்பார், விடாதீர்கள். உவர்த்தண்ணீரில் சீமெந்து குழைக்கக்கூடாது, கடல்மணல் தொடவே கூடாது. கம்பியை வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கொண்டுவாருங்கள். ஒரு மழைக்காலம் வெளியே கிடந்த கம்பி பாதி உயிரை விட்டிருக்கும்.

உறுதி

தீவில் காணி விலை குறைவு என்பதைக் கேட்டு ஓடி வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். 1990களின் தொடக்கத்தில் தீவுகளைவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்று நாலைந்து நாடுகளில் இருக்கிறார்கள். பத்துப் பரப்பு வளவு ஒன்றில் பிரிக்கப்படாத பங்குகாரர் பதினைந்து பேர் இருப்பது சாதாரணம். விற்க வந்தவர் அதில் ஒருவர்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி, பிரிக்கப்படாத பங்கு ஒன்றை வெளியாருக்கு விற்கும்போது, சக பங்குகாரருக்கும் விற்பவரின் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் முன்கொள்வனவு உரிமை, அதாவது மற்றவருக்கு முன் தாமே வாங்கும் உரிமை, உண்டு. இதை 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வரையறுக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் எழுதிய காணி உறுதியை எதிர்த்து வழக்குப் போடலாம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்க, 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சீதனக் காணி வாங்குபவர்கள் இதை மறந்துவிட்டுப் பின்னால் கணவனைத் தேடித் திரிவார்கள்.

பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் சொந்தம் என்ற ஆட்சியுரிமைப் பேச்சையும் தீவில் அப்படியே எடுக்கக்கூடாது. போரால் இடம்பெயர்ந்து தம் உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. "இருபது வருசமாக நாங்கள்தான் பார்க்கிறோம்" என்று ஒருவர் சொல்வது உறுதிக்குச் சமமல்ல.

செய்யவேண்டியது இவ்வளவுதான். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துக்குத் தேடுங்கள். நில அளவையாளரைக் கூட்டிப்போய் எல்லைக் கற்களைக் காணுங்கள். வேலி வேறு, எல்லை வேறு. கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அற்றோர்ணித் தத்துவம் (இன்னொருவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) இங்கே பதியப்பட்டதா, கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள், அவர் இறந்துவிட்டால் அந்தக் கடதாசி செல்லாது. கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி வேண்டும். நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்கா, உங்கள் துண்டு அதற்குள் விழுகிறதா என்று பிரதேச செயலகத்தில் பாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து இரட்டைக் குடியுரிமை பெறாதவர் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவது வேறு விடயம். இதையெல்லாம் விற்பவர் கூட்டிவந்த நொத்தாரிசிடம் கேட்காமல் உங்கள் சொந்த நொத்தாரிசிடம் கேளுங்கள்.

நகரை எடுத்தால்

நகரின் நன்மை எல்லோருக்கும் தெரியும்: பெரியாஸ்பத்திரி, கொழும்பு ரயில், பலாலி விமான நிலையம், கடைகள், பாடசாலை. பார்க்கவேண்டியவை மூன்று. முதலாவது வெள்ளம். கார்த்திகை மழையில் ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை மதிலின் அடியில் உள்ள கறை சொல்லும். 2008 நிசா புயலின்போது எந்தப் படி வரை வந்தது என்று அயலவரிடம் கேட்டால் கையால் காட்டுவார்கள். புதிதாகப் பூச்சடித்த மதில் மட்டும் தனியாக நின்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இரண்டாவது சத்தம். ஆனால் இதில் தீவுக்காரர் பெருமைப்பட அதிகமில்லை. கோயில் ஒலிபெருக்கி அதிகாலையில் அங்கேயும் உண்டு, மீன்பிடிப் படகின் இயந்திரம் மூன்று மணிக்கே எழுப்பும். மூன்றாவது கிணறும் குழியும், மேலே சொன்னதுதான். நல்லூரைச் சுற்றி வீடு எடுப்பவர் 25 நாள் திருவிழாவில் வாகனம் படலைக்கு வராது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வாடகைக்கு இருந்து பார்ப்பது

வாங்க முன் வாடகைக்கு இருங்கள். ஒரு மாதம் போதும், ஆனால் மாதத்தைச் சரியாகத் தெரிந்தெடுக்க வேண்டும். புரட்டாதியில் இரண்டு வாரம், கார்த்திகையில் இரண்டு வாரம். திருவிழாவுக்கு வந்து ஊர் முழுக்க உறவினர் நிற்கும் நாட்களில் எந்தத் தீவும் சொர்க்கம்தான், அது கணக்கில் சேராது. இருக்கும் நாட்களில் காரோ மோட்டார் சைக்கிளோ இரவல் வாங்காமல், அங்கே நிரந்தரமாக இருந்தால் எதில் போவீர்களோ அதில் மட்டும் போங்கள்.

ஏதாவது ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு வெளியே வந்து, ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து வெளிச்சம் எரியும் வீடுகளை எண்ணுங்கள். புங்குடுதீவில் சில ஒழுங்கைகளில் மாடிவீடுகள் வரிசையாக நிற்கும், உள்ளே ஆள் இருக்காது. பன்னிரண்டு வீட்டில் இரண்டில்தான் வெளிச்சம் என்றால், இரவில் விழுந்தால் தூக்க வருபவர் யார் என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பெயர் உடையவரின் வயதையும் கேளுங்கள்.

தீவு மனதுக்குப் பிடித்து, கணக்கு மட்டும் இடித்தால், பாலம் உள்ள தீவில் வீடும் படகுத் தீவில் பழைய வளவுமாக வைத்துக்கொள்ளலாம். தை முதல் சித்திரை வரை கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் அங்கே, மற்ற மாதங்களில் இங்கே. அப்படி வைத்திருப்பவர்கள் அங்குள்ள ஒருவரிடம் மாதச் சம்பளத்துக்குத் திறப்பைக் கொடுத்து, வாரம் ஒருமுறை கதவு ஜன்னலைத் திறந்து காற்றாட விடவும், கிணற்றை இறைக்கவும், விழுந்த வேலியை அடைக்கவும் சொல்லிவிடுகிறார்கள். நெடுந்தீவில் வேலி விழுந்தால் ஆடு மாடு மட்டுமல்ல, குதிரையும் வரும். அங்கே வளவைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசாமல் அடுக்கிய முருகைக்கல் மதில் இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள், சரிந்த கல்லை மட்டும் அதே இடத்தில் தூக்கி வையுங்கள்.